'தாத்தா எப்போ வருவாரு?' குழந்தைகளுக்கு சோகத்தைப் புரியவைக்க படக்கதைப் புத்தகங்கள் எப்படி உதவும்?

வீட்டில் தாத்தா இறந்து இருபது நாள் ஆகியிருக்கும். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பியிருப்பார்கள். வாசலில் கிடக்கும் தாத்தாவின் செருப்பைப் பார்த்துவிட்டு நான்கு வயதுக் குழந்தை கேட்கும்: "தாத்தா எப்போ வருவாரு?"

"ஊருக்குப் போயிருக்காருடா தங்கம், வந்துடுவாரு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். அந்த நிமிடத்தைச் சமாளித்தாயிற்று. ஆனால் குழந்தை அன்றிலிருந்து காத்திருக்கத் தொடங்குகிறது.

சாவு வீடு என்றில்லை. வளர்த்த நாய்க்குட்டி காணாமல் போனாலும், வீடு மாறினாலும், பக்கத்து வீட்டு ஃப்ரெண்ட் பேசாமல் போனாலும் குழந்தைக்கு சோகம் வருகிறது. நம்மிடம் இருக்கும் பதில்கள் கொஞ்சம்தான். "அழாத", "சாக்லேட் வாங்கித் தரேன்", "ஆம்பளப் புள்ள அழலாமா?", "இதுக்கெல்லாமா அழுவாங்க?" நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் இவை எல்லாமே அழுகையை நிறுத்தும் வழிகள். சோகம் என்றால் என்ன என்று குழந்தைக்குச் சொல்லித் தருபவை அல்ல.

அதைச் சொல்லித் தர எளிமையான வழி ஒன்று இருக்கிறது: மடியில் உட்காரவைத்து வாசிக்கும் படக்கதைப் புத்தகம். அது எப்படி வேலை செய்கிறது, எந்த மாதிரிப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது, எப்படி வாசிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

குழந்தையின் சோகம் எப்படி இருக்கும்?

பெரியவர்களின் சோகம் பெரும்பாலும் அழுகையாகவோ மௌனமாகவோ வெளிப்படும். சின்னக் குழந்தைகளிடம் அது பல வேஷத்தில் வரும். காரணமில்லாத கோபம், அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, நிறுத்தியிருந்த பழக்கமான படுக்கையை நனைப்பது மறுபடியும் தொடங்குவது, வயிறு வலிக்குது என்று சொல்வது எல்லாமே சோகத்தின் அடையாளமாக இருக்கலாம்.

இன்னொன்று, குழந்தைகள் தொடர்ச்சியாகச் சோகமாக இருக்கமாட்டார்கள். பத்து நிமிஷம் அழுதுவிட்டு, அடுத்த நிமிஷம் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். "இவனுக்கு ஒண்ணும் புரியல, அதான் விளையாடுறான்" என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த வயதில் துக்கம் அப்படித்தான் வந்து வந்து போகும்.

தனக்குள் நடப்பதைச் சொல்ல குழந்தையிடம் வார்த்தை இல்லை என்பதுதான் பிரச்னை. பசிக்குது, தூக்கம் வருது, வலிக்குது என்பதை நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். "எனக்கு வருத்தமா இருக்கு" என்பதைப் பல வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

படக்கதை ஏன்?

முதல் காரணம், பாதுகாப்பான தூரம். "நீ ஏன் சோகமா இருக்க?" என்று நேராகக் கேட்டால் குழந்தை வாயைத் திறக்காது. "இந்த முயல் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கு?" என்று கேட்டால் பேசும். பேசுவது முயலைப் பற்றித்தான். ஆனால் பல நேரம் முயலின் வாய்வழியாக வருவது குழந்தையின் சொந்தக் கதை.

இரண்டாவது, படம் நகராது. டிவியிலோ மொபைலிலோ ஒரு கதாபாத்திரம் அழுதால், மூன்று விநாடியில் காட்சி மாறிவிடும். புத்தகத்தில் அந்த முகம் அப்படியே இருக்கும். குழந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், பக்கத்தைத் திருப்பி மறுபடி வரலாம். பயமாக இருந்தால் மூடியும் வைக்கலாம்.

மூன்றாவது, பெயர் கிடைக்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது அதன் வேகத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக (லாஸ் ஏஞ்சலஸ்) உளவியலாளர் மேத்யூ லீபர்மேனின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் தெரியும் முகத்தின் உணர்ச்சியை வார்த்தையால் குறிப்பிடும்போது, பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது தெரியவந்தது. பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு இது. என்றாலும் "உனக்கு வருத்தமா இருக்கு, இல்ல?" என்று ஒருவர் சொன்னதும் குழந்தையின் தேம்பல் கொஞ்சம் தணிவதைப் பல அம்மாக்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

தொல்காப்பியம் சொல்லும் நான்கு அழுகை

உணர்ச்சிகளுக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழுகைக்கு இரண்டாவது இடம். அது எதனால் பிறக்கும் என்பதற்கும் நான்கு காரணங்களைத் தருகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை.

இந்த நான்கையும் ஒரு யுகேஜி குழந்தையின் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள்.

இளிவு: பிறர் இகழ்வதால் வரும் வருத்தம். "உன்கூட விளையாட மாட்டோம் போ" என்று வகுப்பில் ஒதுக்கப்படுவது.

இழவு: இழப்பு. தாத்தா, பாட்டி, வளர்த்த நாய், தொலைந்துபோன பொம்மை.

அசைவு: முன்பு இருந்த நல்ல நிலை மாறிப்போவதால் வரும் வருத்தம் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். வீடு மாறுவது, பள்ளி மாறுவது, தம்பிப் பாப்பா பிறந்ததும் அம்மா மடி கிடைக்காமல் போவது எல்லாம் இதில் அடங்கும்.

வறுமை: வேண்டியது கிடைக்காமல் தவிப்பது. எல்லாரும் டூர் போகும்போது தான் மட்டும் போக முடியாமல் வீட்டில் இருப்பது.

"ஏன் அழுற?" என்று கேட்டு பதில் வராதபோது, இந்த நான்கில் எது என்று யோசித்தாலே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். புத்தகம் தேர்ந்தெடுக்கவும் இதே கணக்கு உதவும். வீடு மாறிய குழந்தைக்குச் சாவு பற்றிய புத்தகம் தேவையில்லை.

சோகத்தை மறைக்காத சில புத்தகங்கள்

எந்த மாதிரிப் புத்தகம் நல்லது என்று புரிந்துகொள்ள, உலகம் முழுவதும் பேசப்பட்ட சில புத்தகங்களைப் பார்க்கலாம்.

'தி ராபிட் லிசன்ட்' (2018). அமெரிக்க எழுத்தாளர் கோரி டோயர்ஃபெல்ட் எழுதி வரைந்தது. டெய்லர் என்ற குழந்தை பிளாக்ஸ் அடுக்கிக் கட்டியதைப் பறவைக் கூட்டம் வந்து சாய்த்துவிடுகிறது. ஒவ்வொரு மிருகமாக ஆறுதல் சொல்ல வருகிறது. கோழி பேசச் சொல்கிறது. கரடி கத்தச் சொல்கிறது. கழுதைப்புலி சிரிக்கச் சொல்கிறது. எதுவும் டெய்லருக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் போன பிறகு முயல் வருகிறது. எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருகிறது. அவ்வளவுதான். குழந்தைக்கு வாங்கி, பெரியவர்கள் பாடம் படிக்கவேண்டிய புத்தகம் இது.

'வென் சாட்னஸ் கம்ஸ் டு கால்' (2019). ஈவா ஈலண்ட் உருவாக்கியது. இதில் சோகம் வீட்டுக்கு வரும் ஒரு விருந்தாளி. விரட்டவேண்டாம், பக்கத்தில் உட்காரவைக்கலாம், சேர்ந்து வாக்கிங் போகலாம். ஒருநாள் அதுவே கிளம்பிப் போய்விடும். வந்த விருந்தாளியை வாசலில் நிற்கவைத்துப் பழக்கமில்லாத நம் வீடுகளில் இந்தக் கற்பனை சுலபமாகப் புரியும்.

'பேட்ஜர்ஸ் பார்ட்டிங் கிஃப்ட்ஸ்' (1984). சூசன் வார்லியின் புத்தகம். வயதான பேட்ஜர் என்ற விலங்கு இறந்துவிடுகிறது. நண்பர்கள் கூடி, அது தங்களுக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்தது என்று நினைத்துப் பார்க்கிறார்கள். ஒருவருக்குக் காகிதம் வெட்ட, ஒருவருக்கு டை கட்ட. போனவர் விட்டுச் சென்றது நம் கையில் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாகச் சொல்லிவிட முடியாது.

'மைக்கேல் ரோசன்ஸ் சேட் புக்' (2004). இங்கிலாந்து எழுத்தாளர் மைக்கேல் ரோசனின் மகன் எடி, 1999-ல் மூளைக்காய்ச்சலால் 18 வயதில் இறந்தார். அந்த இழப்பைப் பற்றி ரோசன் குழந்தைகளுக்காகவே எழுதினார். படங்கள் குவென்டின் பிளேக். முதல் படத்தில் ரோசன் சிரித்துக்கொண்டிருப்பார். ஆனால் அது பொய்ச் சிரிப்பு, சோகமாக இருந்தால் மற்றவர்களுக்குத் தன்னைப் பிடிக்காமல் போகும் என்று பயந்து சிரிக்கிறேன் என்பார். எல்லாம் சரியாகிவிட்டது என்ற முடிவு இந்தப் புத்தகத்தில் கிடையாது. கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு ஏற்றது.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட புத்தகங்கள் வந்திருக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட சதுரா ராவின் 'கான் கிராண்ட்மதர்', பாட்டியை இழந்த ஒரு சிறுமியின் தேடலைச் சொல்கிறது. ரிச்சா ஜா எழுதிய 'பூ! வென் மை சிஸ்டர் டைடு', அக்காவை இழந்த தங்கையின் கதை.

ஆங்கிலப் புத்தகம்தான் கிடைத்தது என்றால் தயங்கவேண்டாம். எழுத்தை அப்படியே வாசிக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. படத்தைக் காட்டி, உங்கள் வீட்டில் பேசும் தமிழில் கதையைச் சொன்னால் போதும்.

எப்படி வாசிப்பது?

வேகமாக வாசித்து, கடைசியில் "இதுல இருந்து என்ன தெரியுது?" என்று கேட்பது பரீட்சை. குழந்தைக்கு அது வேண்டாம். பேசிக்கொண்டே வாசிப்பதுதான் பலன் தரும். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், படப் புத்தகம் வாசிக்கும்போது திறந்த கேள்விகள் கேட்டு, குழந்தையின் பதிலை நீட்டிப் பேசப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் மொழித்திறன் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. உணர்ச்சியைப் பேசவும் இதே முறையைப் பயன்படுத்தலாம்.

1. முதல்முறை நீங்கள் மட்டும் தனியாக வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் உங்களுக்கே தொண்டை அடைக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

2. தூங்கும் நேரத்தில் ஆரம்பிக்கவேண்டாம். சோகக் கதை கேட்ட பிறகு பேச, விளையாட நேரம் வேண்டும். சாயங்கால நேரம் சரியாக இருக்கும்.

3. முகத்தில் இருந்து தொடங்குங்கள். "இதோட கண்ணைப் பாரு, வாயைப் பாரு. எப்படி இருக்கு?" குழந்தை "கோவமா இருக்கு" என்று சொன்னால் "தப்பு, சோகமா இருக்கு" என்று திருத்தவேண்டாம். "ஓ, கோவமா? எதனால கோவம்?" என்று கேளுங்கள். பல நேரம் கோபத்துக்கு அடியில்தான் சோகம் இருக்கும்.

4. உடம்பைக் கேளுங்கள். "உனக்கு அப்படி இருக்கும்போது எங்க தெரியும்? நெஞ்சுலயா, வயித்துலயா?" சின்னக் குழந்தைக்கு மனசைவிட வயிறு சீக்கிரம் புரியும்.

5. உங்கள் கதையைச் சேருங்கள். "எனக்கும் சின்ன வயசுல எங்க ஆடு செத்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல." பெரியவர்களுக்கும் வருத்தம் வரும், அது கடந்தும் போகும் என்று குழந்தைக்கு அப்போதுதான் தெரியும்.

6. அமைதியை நிரப்பாதீர்கள். குழந்தை ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த பக்கத்துக்கு அவசரமில்லை.

7. "மறுபடி படி" என்றால் படியுங்கள். இருபதாவது தடவையாக இருந்தாலும் சரி. குழந்தை புரிந்துகொள்ளும் வேலையை அப்படித்தான் செய்கிறது.

8. வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். குழந்தை புத்தகத்தைத் தள்ளினால் அதுவும் ஒரு பதில்தான். கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். தானாக எடுத்துவரும்.

சாவைப் பற்றி என்ன வார்த்தை சொல்வது?

இங்குதான் பெரியவர்கள் அதிகம் தடுமாறுகிறோம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலும் புரியாது. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பிக்கும். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் வயது என்பதால், நாம் மென்மைக்காகச் சொல்லும் வார்த்தைகள் வேறு விதத்தில் போய்ச் சேருகின்றன.

"தூங்குறாரு" என்று சொன்னால், தூங்கப் போகவே குழந்தை பயப்படலாம். "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொன்னால், அப்பா வேலைக்காக வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அலறலாம். "உடம்பு சரியில்லாம இறந்துட்டாரு" என்று மட்டும் சொன்னால், அம்மாவுக்குச் சளி பிடித்தாலே நடுங்கலாம்.

நேராக, சின்ன வாக்கியத்தில் சொல்வதே நல்லது. "தாத்தா இறந்துட்டாரு. அவரோட உடம்பு வேலை செய்யுறது நின்னுடுச்சு. இனிமே அவருக்கு வலிக்காது, பசிக்காது. அவரால திரும்பி வர முடியாது. எங்களுக்கும் ரொம்ப வருத்தமா இருக்கு." நோய் என்றால், "அது ரொம்பப் பெரிய நோய், உனக்கு வர்ற காய்ச்சல் மாதிரி இல்ல" என்று பிரித்துச் சொல்லுங்கள். சாமியிடம் போய்விட்டார், நட்சத்திரமாகிவிட்டார் என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை என்றால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 'இறந்துட்டாரு, திரும்பி வரமாட்டாரு' என்பதைச் சொன்ன பிறகு அதைச் சேருங்கள்.

முக்கியமான இன்னொன்று: "நான் தாத்தாவை 'போ'ன்னு திட்டினேன், அதான் போயிட்டாரா?" என்று சில குழந்தைகள் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னதாலயோ, செஞ்சதாலயோ இது நடக்கல."

டிவி உலகத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறு நடிகரைப் போடலாம், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கதை கட்டலாம். தயாரிப்புக் குழு இரண்டையும் செய்யவில்லை. 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பான பகுதியில், பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை எல்லோருக்கும் வரைந்த படங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறது. மிஸ்டர் ஹூப்பருக்கு வரைந்த படத்தை அவரிடம் கொடுக்கக் கிளம்பும்போது, அவர் இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் நேராகச் சொல்கிறார்கள். சொல்லும்போது அவர்கள் கண்ணிலும் நீர். நாற்பது வருடம் கடந்தும் அந்தப் பகுதி பேசப்படுவதற்குக் காரணம், அது குழந்தைகளிடம் பொய் சொல்லவில்லை என்பதுதான்.

புத்தகம் வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

கடையில் நின்று இரண்டே நிமிடத்தில் புரட்டிப் பார்த்துவிடலாம்.

கதையில் சோகம் சில பக்கங்களாவது தங்குகிறதா? அடுத்த பக்கத்திலேயே புது பொம்மை, புது நாய்க்குட்டி கொடுத்துச் சரியாக்கிவிடும் கதை உதவாது.

அழுத கதாபாத்திரத்தை யாராவது திட்டுகிறார்களா, கேலி செய்கிறார்களா? அப்படியே கதை முடிந்தால் வைத்துவிடுங்கள்.

முகபாவம் தெளிவாகத் தெரிகிறதா? மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பெரிய முகம், குறைந்த எழுத்து.

கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லிக் குட்டுகிறதா? "நல்ல பிள்ளைகள் அழமாட்டார்கள்" வகைப் புத்தகங்கள் இந்த வேலைக்கு ஆகாது.

எங்கே கிடைக்கும்?

பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை இலவசமாக வாசிக்கலாம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் குழந்தைகள் புத்தகம் வெளியிடுகிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

எதுவும் கிடைக்கவில்லையா? நீங்களே செய்யலாம். இரண்டு வெள்ளைத்தாளை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். 'தாத்தாவும் நானும்' என்று தலைப்பு. அவர் வாங்கித் தந்த தேன்மிட்டாய், சைக்கிளில் உட்காரவைத்துப் போனது, அவர் மூக்குக்கண்ணாடி என்று ஒரு பக்கத்துக்கு ஒரு படம். குழந்தை வரையட்டும், அது சொல்வதை நீங்கள் கீழே எழுதுங்கள். அவர் இறந்த பக்கமும் இருக்கட்டும். அதற்கு அடுத்த பக்கத்தில் இப்போது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வரையச் சொல்லுங்கள். இழப்புக்குப் பிறகு குழந்தை மனதில் ஓடும் பெரிய கேள்வியே அதுதான்.

எப்போது உதவி தேவை?

புத்தகம் மருந்து அல்ல. பல வாரங்கள் ஆகியும் குழந்தை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், விளையாட்டில் துளியும் ஆர்வமில்லாமல் இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்கவேண்டும். பேச்சைச் சுத்தமாக நிறுத்திவிட்டாலும், தன்மேலேயே பழி போட்டுக்கொண்டாலும் அப்படியே. "நானும் தாத்தாகிட்ட போறேன்" என்று சொன்னால், வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டாம். பெரும்பாலும் அது பார்க்கவேண்டும் என்ற ஏக்கம்தான். ஆனாலும் அதட்டாமல், என்ன நினைத்துச் சொல்கிறது என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு உடனே ஆலோசனை பெறுங்கள்.

மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104, குழந்தைகள் உதவி எண் 1098. மூன்றுக்கும் கட்டணமில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், ஒரு வாரம் கழித்து அதே குழந்தை அதே செருப்பைப் பார்த்து, "தாத்தா எப்போ வருவாரு?" என்று மறுபடி கேட்கும். நீங்கள் சொன்னது புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வயதில் ஒரு பெரிய விஷயத்தை ஒரே தடவையில் விழுங்க முடியாது. அதே பதிலை, அதே வார்த்தைகளில், மடியில் உட்காரவைத்து இன்னொரு தடவை சொல்லுங்கள். பிறகு, "அந்த முயல் புத்தகம் எடுத்துட்டு வரியா?" என்று கேளுங்கள்.